நாற்பது விநாடி

ஐரோலியில் மழை. நாலாம் மாடி. இரவுப் பணி.
திரையில் எல்லாம் பச்சை.
பச்சையை நம்பிக் கெட்டவள் நான்.

போன ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை
முலுண்ட் போகும் கேபிள் அறுந்துவிட்டது.
நடுவில் யாரோ வைத்த சுவிட்ச் ஒன்று,
அதற்கு அப்பால்தான் வெட்டு.
இந்தப் பக்கத்து விளக்கு மட்டும்
குத்துக்கல்லாட்டம் எரிந்துகொண்டிருந்தது.
விளக்கு எரிகிறதே என்று
என் ரூட்டர் பொட்டலம் பொட்டலமாக
வெறும் குழியில் கொட்டிக்கொண்டே இருந்தது.

பத்து விநாடிக்கு ஒருமுறை
ஒருவருக்கொருவர் "இருக்கிறேன்" சொல்ல வேண்டும்.
நாலு முறை சத்தமில்லை என்றால்
செத்தார் கணக்கு.
நாற்பது விநாடி.

நாற்பது விநாடியில் தாதரில் ஒரு லோக்கல் வந்து
ஒரு கூட்டத்தைத் துப்பி, இன்னொன்றை விழுங்கிக்
கிளம்பிவிடும்.
முலுண்ட் மருந்துக்கடையில் ஒருவன்
கார்டை மூன்று தடவை தேய்த்துவிட்டு
மாத்திரையைத் திருப்பிக் கொடுப்பான்.
"சர்வர் டவுன்" என்பார் கடைக்காரர்.
இல்லை ஐயா,
வாஷி பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழி
காலியாகத்தான் கிடந்தது.
இந்த வழி போய்விட்டதென்று
எங்களுக்குத்தான் தெரியவில்லை.

குறை, என்றார் பருலேகர் மேடம்.
எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

பழைய நலம்விசாரிப்பை அப்படியே விட்டுப்
பக்கத்தில் சின்னதாய் ஒரு நாடியைக் கட்டினேன்.
ஐம்பது மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு,
மூன்று தப்பினால் முடிந்தது.
மருந்துக்கடை மாத்திரை இல்லை,
இலக்கணத்து மாத்திரை:
"அ" சொல்லி வாய் மூடுவதற்குள்
தெரிந்துவிடும் சாவு.
சோதனைக்கூடத்தில் கேபிளை உருவிக் காட்டினேன்.
ஒரு வீடியோ அழைப்புகூட இமைக்கவில்லை.
கட்லெட் வந்தது.

பிறகு பெருமழை வந்தது.
ரூட்டரின் மூளை வேறெதற்கோ ஒரு கணம் திணறும்,
மூன்று துடிப்பு வரிசையில் நின்றுவிடும்,
எதிர்ப்பக்கம் அதற்குள் ஒப்பாரி வைத்துவிடும்.
ஊர் முழுக்கச் செய்தி போகும், வழி மாறும்.
அடுத்த விநாடி: இல்லை, இருக்கிறான்.
மறுபடி ஊர் முழுக்க.
ஒரு மணி நேரத்தில் அறுபத்தொரு சாவு,
ஒரு பிணமும் இல்லை.
பந்தலைக் கட்டுவதும் பிரிப்பதுமாய் விடிந்தது.

முந்நூறாக்கினேன்.
துடிப்பு அனுப்பும் வேலையை மூளையிடமிருந்து பிடுங்கி
போர்ட் அட்டையிடம் கொடுத்தேன்.
எழுந்து வருகிறவனை உடனே நம்பாதே,
ஐந்து விநாடி வாசலில் நிறுத்து
என்று ஒரு வரி சேர்த்தேன்.
அதற்கப்புறம் ஓரளவு தூக்கம்.

இன்று ஒன்று ஐம்பதுக்கு ஐரோலி பாலத்தில் வெட்டு.
ஒரு விநாடிக்குள் எல்லாரும் வாஷி வழியே போய்விட்டார்கள்.
முலுண்டில் கார்டு முதல் தேய்ப்பிலேயே போயிருக்கும்.
யாருக்கும் தெரியாது.
எனக்கும் பபன் மோகிதேவுக்கும் தெரியும்.
அவர்தான் பாலத்தடி அறைக்குள் இறங்குவதாக
இரண்டு பத்துக்குச் சொன்னவர்.
மூன்று மணிக்குக் கழியில் ஓதம் ஏறும்.

இரண்டு ஐம்பது. அடித்தேன். எடுக்கவில்லை.
கை ஈரமாக இருக்கும்.
மறுபடி.
இழையோடு இழை ஒட்டும்போது
மூச்சுகூட விடமாட்டார் மனுஷன்.
மறுபடி.

மூன்று.

இவருக்கு எத்தனை என்று
நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.
ரோந்து வண்டியை எழுப்பினேன். ஆம்புலன்ஸையும்.

மூன்று நாலுக்கு அட்டை சொன்னது:
முலுண்டிலிருந்து துடிப்பு.
பச்சை வரவில்லை.
வாசலில் நிறுத்தியிருக்கிறது,
நான் போட்ட வரிதான்.
ஒன்று, இரண்டு என்று
நானும் வாய்விட்டு எண்ணினேன்.

அப்புறம் போனில் மோகிதே, எரிச்சலாய்:
"மேல நிக்கிறாங்க மேடம், ஸ்ட்ரெச்சரோட.
யாருக்கு?"

பதிவேட்டில் எழுதினேன்:
தவறான எச்சரிக்கை, ஒன்று.
காரணம்: காத்திருந்த நேரம் குறைவு.
பரிந்துரை என்ற கட்டத்தில்
மாற்றம் தேவையில்லை.